கொட்டியாரக் குடாவைக் கரையில் நின்று பார்த்தவர்

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகள் திருகோணமலையின் வரலாற்றை ஒரு பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1672 இல் பிரெஞ்சுக்காரர் வந்து போயினர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் மறுபடி பிரெஞ்சுக்காரர், 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். பரீட்சைக்கு இது போதும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் ஒரு பிள்ளை எழும்பி, "அந்த நேரம் இங்க இருந்த ஆக்கள் என்ன செய்து கொண்டு இருந்தாங்க சேர்?" என்று கேட்டால் அந்தப் பட்டியலில் விடை இல்லை. பட்டியல் முழுவதும் கப்பல்களும் கோட்டைகளும்தான். கரையில் யாருமே இல்லை.

கரையில் யார் இருந்தார்கள் என்று ஒல்லாந்தரின் சொந்தக் கடதாசிகளைப் புரட்டியே கண்டுபிடித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். 1930 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, அங்கேயே விரிவுரையாளராகி, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்பு மலாயாப் பல்கலைக்கழகம், அதன் பின்பு அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம். 1998 இல் காலமானார். நம் மாவட்டத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் கொட்டியாரத்தைப் பற்றி, அதாவது மூதூரைப் பற்றி, உலகத்தில் யார் ஆய்வு எழுதினாலும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

இவரைப் போன்றவர்களை மீள்பார்வை வரலாற்றாசிரியர்கள் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்குச் சந்தேகம் வரும், "வரலாற்றைத் திரிக்கிறவர்களா?" என்று. திரிப்பது வேறு, திருத்துவது வேறு. திரிப்பவர் பத்திரத்தை மறைப்பார். திருத்துபவர் பழைய பத்திரத்தை மறுபடி விரித்து, முன்னவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்பார். 1959 இல் அமெரிக்காவில் வில்லியம் அப்பிள்மன் வில்லியம்ஸ் என்பவர் தன் சொந்த நாட்டின் இராஜதந்திர வரலாற்றை இப்படித் திருப்பி வாசித்துப் பெரிய வாதத்தைக் கிளப்பினார். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1958 இல், நம் நாட்டைப் பற்றி இரண்டு புத்தகங்கள் அம்ஸ்டர்டாமில் ஒரே பதிப்பகத்தில் அச்சாகின. இரண்டும் ஒல்லாந்தருக்கும் கண்டி மன்னருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைப் பற்றியவை. ஒன்று கே. டபிள்யூ. குணவர்தன எழுதியது, 1638 தொடக்கம் 1658 வரை. மற்றது அரசரத்தினம் எழுதியது, 1658 தொடக்கம் 1687 வரை. ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். இருவரும் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்காரர். ஒரு கதையைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி எழுதியிருக்கிறார்கள். 1958 இந்த நாட்டில் எப்படிப்பட்ட வருடம் என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடத்தில் வந்த புத்தகங்கள் இவை.

அரசரத்தினத்தின் பாதிக்குப் போக முன்னர் குணவர்தனவின் பாதியிலிருந்து ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பின்னது விளங்காது.

1638 மே மாதம் மட்டக்களப்பில் இரண்டாம் இராஜசிங்க மன்னரும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தர் உதவுவார்கள், யுத்தச் செலவை மன்னர் கறுவா, மிளகு போன்ற பொருட்களாகக் கொடுப்பார். பிடிக்கிற கோட்டைகளை என்ன செய்வது? அங்கேதான் விஷயம். மூன்றாம் வாசகப்படி கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் படை வைக்கலாம். மன்னரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் அதனோடு ஒரு சிறிய நிபந்தனையும் இருந்தது: மன்னர் அதை விரும்பினால். ஒல்லாந்தர் தங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய பிரதியில் அந்த நிபந்தனை இல்லை.

சில சொற்கள்தான். அந்தச் சில சொற்களுக்குள் கொழும்பும் காலியும் நீர்கொழும்பும் திருகோணமலையும் இருந்தன. 1656 இல் கொழும்புக் கோட்டை விழுந்தபோது ஒல்லாந்தர் மன்னரின் ஆட்களுக்கே வாசலைத் திறக்கவில்லை. கேட்டால், "செலவுக் கணக்கு இன்னும் தீரவில்லை, அதுவரைக்கும் ஈடாக வைத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தக் கணக்கு தீரவே இல்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கினோம் என்று சிங்களத்தில் சொல்கிறார்களே, அந்தக் கதை இதுதான்.

இனி அரசரத்தினம்.

1658 இல் யாழ்ப்பாணமும் விழுந்து போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். ஒல்லாந்தர் இலங்கையின் கரையை ஆளத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அவர் ஒல்லாந்த மொழியிலேயே கம்பனியின் கடிதங்களையும் கணக்குகளையும் வாசித்து வேறொன்றைக் காட்டினார். கிழக்குக் கரை அந்த நேரம் ஒல்லாந்தர் கையில் இல்லை. திருகோணமலையை 1639 இல் பிடித்தவர்கள் பிறகு அதை மன்னரிடம் விட்டுவிட்டார்கள். கொட்டியாரமும் மட்டக்களப்பும் கண்டி மன்னரை ஏற்றுக்கொண்ட வன்னிபங்கள் ஆண்ட நிலம். மகாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியாரக் குடா கண்டி இராச்சியத்தின் கடல் வாசல். 1660 இல் ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் இங்கே பிடிபட்டது ஏன்? இது ஆளில்லாத கரையாக இருக்கவில்லை, மன்னரின் அதிகாரிகள் இருந்த துறையாக இருந்தது. மூதூருக்குப் போகிறவர்கள் நொக்ஸின் நினைவுக்கல்லைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கல் உண்மையில் மன்னரின் ஆட்சிக்கும் சாட்சி.

1664 இல் மன்னருக்கு எதிராக ஒரு கிளர்ச்சி நடந்தது. மன்னர் ஒல்லாந்தரிடம் உதவி கேட்டார். அப்போதைய ஆளுநர் வான் கூன்ஸ் அதைச் சாக்காக வைத்து உள்நாட்டுக்குள் நகர்ந்தார். 1665 இல் திருகோணமலையில் படையை இறக்கினார். 1668 இல் கொட்டியாரத்திலும் மட்டக்களப்பிலும் காவலரண்கள். நோக்கம் வெளிப்படையானது: கண்டி மன்னருக்குக் கடலே இல்லாமல் செய்வது. உப்பும் துணியும் ஒல்லாந்தர் கையால்தான் மலைக்குப் போக வேண்டும், பாக்கும் கறுவாவும் அவர்கள் கையால்தான் வெளியே வர வேண்டும்.

பழைய வரலாறுகள் இதை வான் கூன்ஸின் வெற்றியாகவே சொல்லிக்கொண்டு போகும். அரசரத்தினம் இதைத் தோல்வி என்றார். அதுதான் அவருடைய திருத்தத்தின் உயிர். கம்பனிக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். வான் கூன்ஸ் நிலம் நிலம் என்று நின்றார். பத்தாவியாவில் இருந்த மகா தேசாதிபதி மாட்சுய்க்கர் தாமே முன்பு இலங்கையில் ஆளுநராக இருந்தவர். அவர், "இவ்வளவு கோட்டையையும் சிப்பாயையும் வைத்துக்கொண்டு என்ன இலாபம்?" என்று கேட்கிற ஆள். 1670 இல் மன்னர் திருப்பி அடித்தார். ஒல்லாந்தரின் உள்நாட்டுக் காவலரண்கள் ஆட்டம் கண்டன. 1672 இல் டி லா ஹே என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்குள் வந்தபோது ஒல்லாந்தர் கொட்டியாரக் கோட்டையைத் தாங்களே கைவிட்டுப் போனார்கள்.

மன்னரின் ஆட்டத்தை இங்கே கவனிக்க வேண்டும். போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தரை அழைத்தவர், ஒல்லாந்தருக்கு எதிராகப் பிரெஞ்சுக்காரரை வரவேற்றார். ஆனால் பிரெஞ்சுத் தூதுவராகப் போன லனரோல் கண்டி அரசவையின் மரியாதைகளைப் பேணவில்லை என்று அவரை மன்னர் தடுத்தும் வைத்தார். பிரெஞ்சுக்காரரிடம் சாப்பாடு முடிந்தது, நோய் பரவியது, படை கிளம்பிச் சோழமண்டலக் கரைக்குப் போய்விட்டது. விட்டுப்போன சிறு காவல் படையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். நம் குடாவுக்குள் சில மாதங்களுக்கிடையில் இவ்வளவும் நடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கம்பனியின் குரல் மாறியது. பிடித்த நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மன்னரிடம் கெஞ்சாத குறையாக எழுதினார்கள். மன்னர் பதில் போடவில்லை. பதில் போடாமல் இருப்பதும் இராஜதந்திரம்தான். 1687 இல் இராஜசிங்கர் இறக்கும்வரை ஒல்லாந்தர் கேட்ட முறையான உடன்படிக்கை அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அரசரத்தினம் தன் புத்தகத்தை அந்த வருடத்தில் நிறுத்தியது சும்மா அல்ல.

அதே காலத்தில் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை ஒல்லாந்தரின் இறைமைச் சிக்கலைப் பற்றியது. கரையை ஆயுதத்தால் வைத்திருந்தவர்கள், கண்டிக்கு எழுதும்போது தங்களை மன்னரின் விசுவாசமான ஊழியர்கள், அவருடைய கரையின் காவலர்கள் என்றே எழுதினார்கள். கறுவா உரிக்க ஆண்டுதோறும் தூது அனுப்பி அனுமதி கேட்டார்கள். 1753 இல் சியாமிலிருந்து உபாலி தேரரும் பிக்குமாரும் ஒல்லாந்தக் கப்பலில்தான் வந்தார்கள், வந்து இறங்கியது நம் திருகோணமலையில். மன்னர் கேட்டார், கம்பனி கப்பல் கொடுத்தது. 1765 இல் படையெடுத்துக் கண்டி நகரையே பிடித்து, 1766 இல் உடன்படிக்கையில் ஒப்பம் வாங்கிய பிறகுதான் கரை முழுவதும் எழுத்தில் ஒல்லாந்தருக்குச் சொந்தமானது. பிள்ளைகளுக்கு நாங்கள் 1658 என்று சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்தில் அது 1766. இடையில் நூற்றெட்டு வருடம்.

நம்மைப் பற்றிய பகுதிக்கு வருவோம். 1960 இல் அவர் கண்டி இராச்சியத்தின் வெளியுறவையும் வணிகத்தையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கண்டி மலைக்குள் பூட்டிக்கிடந்த நாடு என்ற எண்ணத்தை அது உடைத்தது. கொட்டியாரம், மட்டக்களப்பு, புத்தளம் ஆகிய துறைகளுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து தோணிகள் வந்தன. அரிசியும் துணியும் இறங்கின, பாக்கு ஏறியது. வந்த வணிகரில் முக்கியமானவர்கள் சூலியா முஸ்லிம்கள். ஒல்லாந்தர் கண்ணில் இவர்கள் கள்ளக் கடத்தல்காரர். கம்பனிக் கடிதங்களில் அப்படித்தான் வரும். அரசரத்தினம் கேட்டது சின்னக் கேள்வி: யாருடைய சட்டப்படி கள்ளம்? மன்னரின் துறைக்கு மன்னரின் அனுமதியோடு வந்தவர் எப்படிக் கள்ளர் ஆவார்? ஒல்லாந்தர் கடலையே தங்கள் சொத்தாக நினைத்து, எங்கள் அனுமதிச்சீட்டு இல்லாத தோணி எல்லாம் குற்றம் என்றார்கள். அந்தக் கடதாசியை அப்படியே நம்பி எழுதிய வரலாற்றில் நம் முன்னோரும் குற்றவாளிகள் ஆனார்கள்.

இந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. மலாயாவுக்குப் போனவர் அங்குள்ள இந்தியர்களின் வரலாற்றை 1970 இல் நூலாக எழுதினார். ஆர்மிடேலில் இருந்து வாலன்டைன் என்ற ஒல்லாந்தப் பாதிரியாரின் இலங்கை விவரணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குறிப்புகளோடு 1978 இல் வெளியிட்டார். 1986 இல் சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பனிகளையும் பற்றிய பெரிய நூல். 1987 இல் தென்கிழக்காசியாவில் சூலியா முஸ்லிம் வணிகர் பற்றிய தனிக் கட்டுரை. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் என்று நம் பாட்டிமார் வாயில் கேட்ட ஊர்ப் பெயர்கள் அந்த ஆய்வுலகில் வரிசையாக வரும். கம்பனிகளின் தடைகளையும் தாண்டி இந்த வணிகர் எப்படி நின்று பிடித்தார்கள் என்பதை அவர் காட்டினார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பார்த்து அவர் வேலை செய்யவில்லை. ஆவணம் எங்கே கொண்டு போனதோ அங்கே போனார்.

அவருக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். வான் லூர் என்ற இளம் ஒல்லாந்த அறிஞர். ஆசியாவின் வரலாறு கப்பல் தட்டிலிருந்தும் கோட்டை மதிலிலிருந்தும் பார்த்து எழுதப்படுகிறது என்று குறைப்பட்டவர் அவர். 1942 இல் ஜாவாக் கடல் சண்டையில் இறந்துபோனார். அதே வருடம் ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. வான் லூர் சொல்லிவிட்டுப் போனதை, ஆவணங்களைக் கொண்டு வேலையாகச் செய்தவர்களில் அரசரத்தினம் ஒருவர்.

அவரிடம் குறை இல்லையா? இருக்கிறது. அவருடைய சாட்சிகளில் பெரும்பங்கு ஒல்லாந்தர் எழுதியவைதான். எதிரியின் கணக்குப் புத்தகத்தை எவ்வளவு கெட்டித்தனமாக வாசித்தாலும் அதில் நம் வீட்டுப் பெண்கள் வரமாட்டார்கள், கூலிக்காரன் வரமாட்டான், வயற்காரனும் மீன்பிடிகாரனும் வரி கட்டும்போது மட்டும்தான் தலைகாட்டுவார்கள். கொட்டியாரத்து வணிகர் வருகிறார்கள், கொட்டியாரத்துக் குடும்பங்கள் வரவில்லை.

இந்த இடத்தில் பேராசிரியர் லோர்னா தேவராஜாவை நினைப்பது நல்லது. கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதியவர், பிற்காலத்தில் பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தவர். 1994 இல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். கண்டி மன்னர்கள் முஸ்லிம்களை வைத்தியராகவும் தூதுவராகவும் வைத்திருந்ததை அதில் விரிவாகச் சொன்னார். நம் சமூகம் அந்த நூலை மேடைக்கு மேடை தூக்கிப் பிடித்தது. ஆனால் ஆயிரம் வருட இன ஒற்றுமை என்று பெயர் வைத்த அந்த நூல் 1915 இல் நின்றுவிடுகிறது. 1915 இல் என்ன நடந்தது என்று நம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மைப் புகழ்கிறது என்பதற்காக ஒரு நூலை ஆதாரமாக எடுப்பதில் நமக்குத் தயக்கம் இருக்க வேண்டும். அரசரத்தினம் நம்மைப் புகழவில்லை. நாம் அங்கே இருந்தோம், வியாபாரம் செய்தோம், மன்னரின் துறைக்கு வந்தோம் என்று கடதாசியில் கண்டதை மட்டும் எழுதினார். நமக்கு அதிகம் பயன்படுவது அதுதான்.

ஏனென்றால் நம் மாவட்டத்தில் வரலாறு வெறும் பாடம் இல்லை. யார் முந்தி வந்தது, யாருடைய காணி, எந்த எல்லை என்று மூன்று சமூகமும் முகநூலில் சண்டை பிடிக்கிற ஊர் இது. அந்தச் சண்டைகளில் நம் பக்கத்திலிருந்து பகிரப்படுகிற பல பதிவுகளில் ஆண்டு இருக்கும், ஆதாரம் இருக்காது. மற்றப் பக்கங்களும் அப்படித்தான். கொட்டியாரத்தில் தமிழ் வன்னிபமும் சிங்கள மன்னரின் அதிகாரமும் முஸ்லிம் வணிகரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்பது ஒல்லாந்தரின் கடதாசியிலேயே கிடக்கிறது. மூன்று பேரில் எவருக்கும் அது முழுதாக இனிக்காது.

துறைமுகத்தைப் பற்றிய உடன்படிக்கைகளும் இன்னும் முடியவில்லை. 1987 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலையின் பெயர் இருந்தது. 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 இல் 61 கூட்டுக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு என்று பிரிக்கப்பட்டன. நல்லதோ கெட்டதோ, அது வேறு வாதம். அந்தத் தாங்கிகளைத் தினமும் தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேர் அந்த உடன்படிக்கையின் ஒரு பக்கத்தையாவது தமிழில் வாசித்திருக்கிறோம்? 1638 இல் மன்னருக்காவது தன் பிரதி கையில் இருந்தது.

ஒரு வேண்டுகோள். 2004 இல் கடல் வந்தபோதும், 2006 இல் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடியபோதும் எத்தனையோ வீடுகளின் பழைய உறுதிகள் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றையாவது காப்பாற்றலாம். மூதூர், தோப்பூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டை எங்கேயாவது உங்கள் வீட்டில் பழைய காணி உறுதி, தோணிக் கணக்கு, பள்ளிவாசல் பதிவேடு, அரபுத்தமிழ்க் கையெழுத்து, நாகூரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். லெமினேட் செய்யவும் வேண்டாம், அது கடதாசியைக் கெடுக்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, யாருடைய வீட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து என்று குறித்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். பெயர்களை வெளியே போடமாட்டோம். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது அரபுத்தமிழுக்கு உதவ முன்வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.